பூட்டிய கம்பெனியின் சங்கு

சத்தம் செய்யும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அலுத்துவிட்டது. பாலக்காட்டு டவுனில் மருந்துக்கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்துவிட்டேன். இப்போது வலது காதுக்குள் ஒரு சுவர்க்கோழி குடியேறியிருக்கிறது. ராத்திரி பகல் இல்லாமல் கத்துகிறது, அணைக்க ஒரு பட்டனும் கிடையாது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். இங்கே மோட்டார் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றுகூட என் தம்பியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். ஆகவே பெரிய உபதேசம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

கம்ப்யூட்டரில் சத்தம் செய்யும் சாப்ட்வேர் சிந்தசைசரைத் திறந்ததும் ஆயிரம் ரெடிமேட் சத்தங்கள் வரிசை கட்டி நிற்கும். பந்தியில் உட்கார்ந்தவன் இலையில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு வாய் தொட்டு வைப்பதுபோல அவற்றைத் தட்டித் தட்டிப் பார்த்தே நீங்கள் ஒரு மாதத்தை ஓட்டிவிடுவீர்கள். வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஓட்டினார்கள், சொல்லியும் கேட்கவில்லை. அதையெல்லாம் மூடிவிட்டு வெறும் ஒரு ஆசிலேட்டரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஈ முனகுவதுபோல ஒரே சுருதியில் கத்தும், அவ்வளவுதான். இந்தச் சத்தம் எப்படித் தொடங்க வேண்டும், நடுவில் என்ன செய்ய வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்று மூன்று கேள்வி கேட்டுக்கொண்டு அதைச் செதுக்குங்கள். மற்றபடி எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்பதெல்லாம் யூடியூபில் கொட்டிக்கிடக்கிறது. அதற்கு நான் வேண்டியதில்லை.

இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் சொல்லித்தரமாட்டார்கள். இந்தச் சத்தத்தைக் கேட்கிற ஆள் என்ன செய்வான்? ஒரு மருத்துவமனைக்கு டோக்கன் மணி செய்து கொடுத்தேன். பன்னீர் தெளித்தாற்போல அத்தனை மென்மையாக இருந்தது, எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. மணி அடிக்கிற போதெல்லாம் காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். டோக்கன் பலகையை ஒருவரும் பார்க்கவில்லை. அங்கே டாக்டர் தொண்டை கிழியக் கத்திக் கூப்பிட வேண்டியதாயிற்று. அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஏலப்பாறையில் நடந்தது அப்படியில்லை.

ஏலப்பாறைக்குக் கொஞ்சம் தள்ளி, பீர்மேட்டு மலையில் ஒரு தேயிலை எஸ்டேட். பெயர் வேண்டாம். முதலாளி விட்டுவிட்டுப் போய் வருடக்கணக்காயிற்று. அங்கே தேயிலைத் தொழிற்சாலையைக் 'கம்பெனி' என்றுதான் சொல்வார்கள். கம்பெனி பூட்டிக் கிடந்தது, தேயிலைச் செடியெல்லாம் மரமாக வளர்ந்து நின்றது. வேலை செய்த சனம் மட்டும் போக வேறு இடமில்லாமல் லயத்திலேயே இருந்தது. லயம் என்றால் வரிசையாகக் கட்டின தொழிலாளர் வீடுகள். அவர்கள் வெளி எஸ்டேட்டுக்கும் ஏலக்காட்டுக்கும் ஜீப்பில் கூலிக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த வார்டின் பஞ்சாயத்து மெம்பர் செல்வராஜ் ஒரு நாடகக் குழு வழியாக என் பெயரைக் கேள்விப்பட்டு என் அறைக்கே வந்தார். மழைக்காலத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு எச்சரிக்கைச் சத்தம் வேண்டும். மலை சரிந்து மண்ணும் பாறையும் உருண்டு வருவதை அந்தப் பக்கத்தில் 'உருள்' என்பார்கள். உருள் வரும் என்று தெரிந்தால் சனங்களை வீட்டைவிட்டு எழுப்ப வேண்டும்.

"அதுக்கு என்றகிட்ட எதுக்குங்க வந்தீங்க? சைரன் கடையிலயே விக்குதுங்களே" என்றேன்.

"கடையில விக்கிறது வேண்டாம்க்கா. பக்கத்து எஸ்டேட்ல அதத்தான் வச்சாக. ஆம்புலன்சு வருதுன்னு சனம் பூராவும் ரோட்டுக்கு வேடிக்கை பாக்க வந்துருச்சு. எங்க சனத்துக்குத் தெரிஞ்ச சத்தமா இருக்கணும். கேட்டதும் எந்திரிக்கணும்."

"தெரிஞ்ச சத்தம்னா?"

"கம்பெனிச் சங்குதான். அதுக்கு எந்திரிக்காத ஆளு எங்க மலையில கிடையாது."

எனக்கும் அது சரியென்றே பட்டது. கம்பெனி ஓடிய காலத்தில் காலையில் அந்தச் சங்கு ஊதினால்தான் அங்கே பொழுது விடியும். சங்கின் மோட்டாரை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யாரிடமும் ஒரு ரெக்கார்டிங்கூட இல்லை. ஆக, கேட்டவர்கள் சொல்லச் சொல்ல அதை நான் சிந்தசைசரில் திரும்பச் செய்ய வேண்டும். இந்த மாதிரி வேலை எனக்கு உயிர். பஸ் மாறி மாறி மலையேறினேன்.

லயத்துக்கு மேலே, ஒரு பாறை மேட்டில் அரசுப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அந்த இடம் மட்டும் கெட்டியான பாறை என்று அரசாங்க ஆட்கள் வந்து பார்த்துச் சொல்லியிருந்தார்கள். உருள் வந்தால் எல்லோரும் அங்கேதான் ஏற வேண்டும். கம்பெனியோ நேர் எதிர்ப்பக்கம், கீழே ஓடைக்கரையில். மலையிலிருந்து எது உருண்டாலும் லயத்தை இடித்துக்கொண்டு கடைசியில் அந்த ஓடையில்தான் போய் விழும். இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு வைத்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தேன். பழைய ஆட்கள் சுற்றி உட்கார்ந்து சங்கை வாயால் ஊதிக் காட்டினார்கள். ஆளுக்கு ஒரு மாதிரி. ஒருவர் நீட்டி ஊதினார், இன்னொருவர் அதெல்லாம் இல்லை, இரண்டு தடவை ஏறி இறங்கும் என்றார். சண்டையே வந்துவிட்டது. அப்போது பின்னால் தூணில் சாய்ந்திருந்த ஒரு பெண், "இருமிட்டுத்தாம்மா தொடங்கும்" என்றார்.

அவர் பெயர் பொன்னுத்தாய். என் வயதுதான் இருக்கும். சின்ன வயதிலிருந்து கம்பெனி பூட்டுகிற வரை அங்கே கொழுந்து பறித்தவர். புருசன் இறந்துவிட்டார், மகள் கட்டிக்கொடுத்துக் கம்பத்தில் இருக்கிறாள். மேட்டு லயத்தில் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். அவருடைய அடுப்படிச் சுவருக்குப் பின்னால் கையெட்டும் தூரத்தில் மலை. மழை பிடித்தால் சுவரில் தண்ணீர் கசியும். உருள் வந்தால் முதலில் போகிற வீடு அவருடையதுதான் என்று மெம்பர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

"இருமல்னா எப்படிங்க?"

"கிழவன் தொண்டையச் செருமுவான்ல, அந்த மாதிரி. பெறகு மெல்லமா ஏறும். உச்சியில போயி லேசா உடையும். அந்த உடையிற எடத்துலதான் நாங்க பெரட்டுக்களத்துல போயி நிப்போம். அதுக்குப் பிந்துனா பேரு போட மாட்டாக."

பெரட்டு என்றால் காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புவது. அந்தக் களம் கம்பெனி வாசலில் இருக்கிறது. அந்த அம்மாள் சொன்ன கடைசி வார்த்தைகளில் எல்லாமே இருந்தது. என் காது இருமலிலேயே நின்றுவிட்டது. தொடக்கத்தில் ஒரு துளி இரைச்சலைச் சேர்த்தேன், செருமல் வந்தது. சுருதியை மெல்ல ஏறவிட்டேன். உச்சியில் இன்னொரு சுருதியைப் பக்கத்தில் வைத்து உரசவிட்டேன், குரல் உடைந்தது. "கொஞ்சம் தடிப்பா இருக்கும்மா", "இப்ப சரி", "இறங்கும்போது இன்னும் சோம்பேறியா இறங்கும்" என்று எல்லோரும் சேர்ந்து செய்தோம். மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டோம்.

கடைசியில் ஸ்பீக்கரில் முழுசாக ஒருமுறை விட்டேன். அத்தனை நேரம் சண்டை போட்ட மனுசன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அடி ஆத்தி, அதேதான்" என்றார் பொன்னுத்தாய்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தொழிலில் அதற்கு மேல் என்ன பாராட்டு வேண்டும்? பிள்ளைகளே, ஒரு சத்தம் அச்சு அசலாக வந்துவிட்டால் அன்றைக்கு மட்டும் சந்தோசப்பட்டுக்கொள்ளுங்கள். அடுத்த நாள் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

சத்தத்தைப் பதிந்து வைக்கும் பாட்டரிப் பெட்டி, பெரிய ஹாரன் ஸ்பீக்கர்கள் எல்லாம் வந்தன. உயரமான கட்டடம் என்று கம்பெனியின் கூரையிலேயே மாட்டினார்கள். சோதனை நடத்தப்போவதை முதல்நாளே ஜீப்பில் மைக் கட்டி அறிவித்தார்கள். சங்கு ஊதும், கேட்டதும் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஏறி வர வேண்டும் என்று மெம்பரே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். நானும் மெம்பரும் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மெம்பர் போனில் சொன்னதும் கீழே ஒருவர் பட்டனை அழுத்தினார்.

செருமியது, ஏறியது. மலை முழுக்கக் கேட்டது. என் சத்தம் அத்தனை பெரிதாக ஒலித்து நான் அதுவரை கேட்டதில்லை.

லயத்துக் கதவுகள் திறந்தன. சனம் வெளியே வந்தது. வந்து, கீழே இறங்கியது.

சின்னஞ்சிறுசுகளும் வெளி எஸ்டேட்டில் வளர்ந்த மருமகள்களும் பள்ளிக்கூடத்தைப் பார்த்துத்தான் ஏறி வந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் படியில் கம்பெனியை நோக்கி இறங்கிப் போனார்கள். ஓடவில்லை. வேலைக்குப் போகிற நடையில் போனார்கள். சங்கு உச்சியில் போய் உடைகிற நேரத்துக்குச் சரியாகப் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"என்னக்கா இது, கிறுக்குப் பிடிச்சிருச்சா இவங்களுக்கு?" என்று மெம்பர் கத்திக்கொண்டே இறங்கி ஓடினார். நான் வழுக்கி வழுக்கிப் பின்னால் போனேன். உருள் வருகிற நாளில் இந்தச் சத்தம் ஊதியிருந்தால் அத்தனை பேரையும் நானே கூப்பிட்டுக் கொண்டுபோய் அதன் வாயில் நிறுத்தியிருப்பேன்.

களத்தில் பொன்னுத்தாய் முன்வரிசையில் நின்றார். இடுப்பில் சாக்கு கட்டியிருந்தார். கையில் துருவேறிய கொழுந்துக் கத்திரி. இரண்டு பேர் பூட்டிய கேட்டின் கம்பி வழியாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேல ஏறச் சொன்னா கீழ எதுக்கு வந்தீக? நேத்து உங்க வாசல்ல வந்து நின்னு சொன்னேனே, கேக்கலயா?" என்று மெம்பர் மூச்சு வாங்கக் கேட்டார்.

"கேட்டேன்யா. தெரியும்" என்றார் பொன்னுத்தாய். "தெரிஞ்சுதான் வந்தேன். ஒருவேளை தெறந்துட்டாகளோன்னு."

மெம்பர் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதே நான் முடிவு செய்துவிட்டேன், இந்தச் சத்தம் ஆகாது. ஆனால் முடிவு செய்வது லேசு, அதில் நிற்பது கஷ்டம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அந்தச் சங்கே இருக்கட்டும் என்று அத்தனை பேரும் சொன்னார்கள். மேலே ஏறப் பழகிக்கொள்கிறோம், எங்கள் சங்கு எங்களுக்கு வேண்டும் என்றார்கள். மெம்பருக்கும் ஊசலாட்டம். மழை தொடங்கப் போகிறது, வேறு சத்தம் செய்து, ஸ்பீக்கரை இடம் மாற்றி, அதைச் சனங்களுக்குப் பழக்கி முடிவதற்குள் ஆகஸ்டு வந்துவிடும். அவர்தான் ஓட்டுக் கேட்டு அந்த வாசலில் திரும்ப நிற்க வேண்டியவர்.

"தெரிஞ்ச சத்தம்க்கா. ரெண்டு தடவ ஒத்திகை பாத்தா மேல ஏறிருவாக" என்றார்.

"ஆகாதுங்க மெம்பர். முப்பது வருசம் கீழ எறங்குன காலை வாயில சொல்லி மேல திருப்ப முடியாதுங்க. பயந்து எந்திரிக்கிறப்ப ஆருக்குங்க யோசனை வேலை செய்யும்? காலு அதும்பாட்டுக்குப் போயிருமுங்க. இதைய வெச்சா நான் இந்த வேலையில இல்லீங்க, சொல்லிப்போட்டேன்."

அதோடு விட்டால் நான் ஊருக்குப் போனதும் பழைய சத்தத்தையே திரும்பப் போட்டுவிடுவார்கள் என்று தெரியும். எல்லோருக்கும் முன்னால் பெட்டியிலிருந்து சங்கை அழித்தேன். லேப்டாப்பிலும் அழித்தேன். அழிக்க மனசு வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடத்தில் நான் செய்ததிலேயே நல்ல சத்தம் அது.

பொன்னுத்தாய் எழுந்து என் எதிரே வந்து நின்றார்.

"அது எங்க சத்தம்மா. நாங்க வாயால ஊதி உங்க கையில குடுத்தது. அத அழிக்க நீங்க யாரு?"

"உங்க உசுருக்காகத்தானுங்க பொன்னுத்தாயி."

"உசுரு எங்களுது. நீங்க நாளைக்கு பஸ் ஏறிப் போயிருவீக" என்றார். அதற்கப்புறம் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். மற்றவர்களும் முகம் கொடுக்கவில்லை. கூட்டம் முடிந்து டீ கொடுத்தார்கள், எனக்கு மட்டும் தம்ளர் வரவில்லை. மெம்பர் தன்னுடையதை எனக்குக் கொடுத்தார்.

அன்றைக்கே மெம்பர் வீட்டில் உட்கார்ந்து புதுச்சத்தம் செய்யத் தொடங்கினேன். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது, லேப்டாப்பில் சார்ஜ் குறைந்துகொண்டே போனது. அந்த மலையில் இருக்கிற சத்தத்தை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கோயில் மணி என்றால் கும்பிட நிற்பார்கள். சர்ச் மணி என்றால் சாவு யாருக்கு என்று கேட்பார்கள். ஜீப் ஹாரன் என்றால் மேல்ரோட்டுக்கு ஓடிவருவார்கள், அது நல்லதுதான், ஆனால் ஒரு நாளைக்குப் பத்து தடவை ஜீப் வருகிற ஊரில் பதினொன்றாவதை யார் மதிப்பார்கள்? எந்தச் சத்தத்தை எடுத்தாலும் அது ஏற்கெனவே ஏதோ ஒரு வேலைக்கு அமர்ந்திருந்தது. கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத, கேட்டால் யாருக்கும் எதுவும் ஞாபகம் வராத ஒரு சத்தத்தைத்தான் செய்ய வேண்டும் என்று தோன்றியது. அப்படி ஒன்றைச் செய்து பாருங்கள், எத்தனை கஷ்டம் என்று தெரியும். மனுசக் காது எதைக் கேட்டாலும் உறவு கொண்டாடிவிடும்.

தகரக் கூரையில் பெய்கிற மழை கீச்சுச் சத்தங்களை விழுங்கிவிடும். ரொம்ப அடிக்குரலாக இருந்தால் அந்த ஹாரன் ஸ்பீக்கருக்கு ஏறாது. நடுவாந்தரமாக, ஒன்றோடொன்று சேராத இரண்டு சுருதிகளை எடுத்து முட்டவிட்டேன். செருமல், ஏற்றம் எதுவும் வைக்கவில்லை, எடுத்த எடுப்பில் அறைகிற மாதிரி தொடங்கவைத்தேன். பிறகு நடுநடுவே வெட்டி இடைவெளி விட்டேன். தொடர்ந்து ஊத வேண்டாமா என்று மெம்பர் கேட்டார். "புள்ளை பேரைச் சொல்லிக் கூப்புட்டா புள்ளை குடுக்கற பதில் காதுல விழோணுமுங்க" என்றேன். என் தொழிலில் நான் எடுத்த முடிவுகளில் அந்த இடைவெளி ஒன்றைத்தான் இன்றைக்கும் யாரிடமும் வெட்கமில்லாமல் சொல்வேன்.

அடுப்படியில் இருந்த மெம்பர் மனைவி கரண்டியோடு ஓடிவந்தார். "என்னத்தம்மா இது, கழுதைக்கு வயித்துவலி வந்த மாதிரி!"

"கேட்டா என்னங்க தோணுது?"

"அந்தச் சனியன நிப்பாட்டுற எடத்துக்குப் போகணும்னு தோணுது."

"அப்ப அதேதானுங்க" என்றேன். ஸ்பீக்கரையும் பட்டனையும் பள்ளிக்கூடத்துக் கூரைக்கு மாற்றச் சொன்னேன். சத்தம் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம்தான் கால் போகும்.

நான் அங்கேயே தங்கிப் பகலில் ஒத்திகை வைத்தோம். கழுதை கத்தும், சனம் திட்டிக்கொண்டே ஏறும். யாரை அதிகம் திட்டினார்கள், கழுதையையா என்னையா என்று சொல்லத் தெரியாது. கைக்குழந்தைக்காரிகள், "சரசக்கா, உங்க கழுதையால எம்புள்ள தூங்கி நாலு நாளாச்சு" என்றார்கள். பொன்னுத்தாய் எப்போதும் கடைசியாக ஏறி வருவார். வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். ஆனால் வந்தார். கடைசியில் ஒருநாள் சனத்துக்கு முன்கூட்டிச் சொல்லாமல் பட்டனை அழுத்தச் சொன்னேன். ஒரு ஆள்கூடக் கீழே இறங்கவில்லை. அப்புறம்தான் பஸ் ஏறினேன்.

ஜூலையில் மழை பிடித்தது. நான் பாலக்காட்டில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த வேலையும் ஓடவில்லை. ஒருநாள் மத்தியானம் மெம்பர் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்து மழைமானியில் தண்ணீர் அபாயக் கோட்டைத் தாண்டிவிட்டது, பட்டனை அழுத்திவிட்டோம் என்றார். பின்னால் மழை இரைச்சலும், நடுநடுவே என் கழுதையும் கேட்டன. இடைவெளியில் யாரோ ஒரு பெண், "பாண்டி! ஏலே பாண்டி!" என்று கூப்பிட்டாள். ஒரு பிஞ்சுக் குரல் "இங்கன இருக்கேன்" என்றது. அதோடு போன் அறுந்துவிட்டது. திரும்ப எத்தனை முறை அடித்தும் கிடைக்கவில்லை. கும்பிடாத தெய்வம் இல்லை.

இருட்டுவதற்குள் உருள் வந்துவிட்டது. மேட்டு லயம் முழுக்கப் போயிற்று. ஆள் ஒருவர்கூடப் போகவில்லை. மறுநாள் மெம்பர் வேறு யாருடைய போனிலோ கூப்பிட்டு அதைச் சொன்னபோது, கீழே மருந்துக்கடைக்காரர் மேலே ஓடிவரும்படி நான் ஓவென்று அழுதேன்.

பாதை திறந்ததும் போனேன். ஏலப்பாறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கேம்ப் போட்டிருந்தார்கள். வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்கள். குழந்தைகள் கழுதை மாதிரி கத்திக் காட்டின. யாரோ பால் சேர்க்காத கட்டன்சாயா கொண்டுவந்து கையில் கொடுத்தார். பொன்னுத்தாய் ஒரு வகுப்பறையின் கடைசி பெஞ்சில், யாரோ கொடுத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார். நான் உட்கார்ந்தேன்.

"ஊடு போயிருச்சுங்களா?"

"வீடு போச்சு. சட்டி பானை போச்சு. அது போகட்டும்" என்றார். பிறகு, "கம்பெனியும் போச்சும்மா. கேட்டு, பெரட்டுக்களம் ஒண்ணையும் காணோம். மேலருந்து பாத்தா செவப்பா மண்ணுதான் கெடக்கு" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"நீங்க செஞ்சது சரிதான். அந்தக் கழுதை கத்தலைன்னா நான் இன்னைக்கு மண்ணுக்குள்ள. அது எனக்குத் தெரியாமலா இருக்கு? ஆனா கோவம் ஆறலம்மா. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல."

"ஆறவேண்டாமுங்க" என்றேன்.

வகுப்பறைக்கு வெளியே பிள்ளைகள் மழையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சங்க நெசமாவே அழிச்சிட்டீகளா? எங்கயும் ஒளிச்சு வைக்கலியே?"

"இல்லீங்க. அழிச்சுப்போட்டனுங்க."

"நல்லது" என்றார். "இருந்துச்சுன்னா கேக்கச் சொல்லும். கேட்டா எந்திரிச்சுப் போகச் சொல்லும். இனிமே எங்க போக?"